முழுசா நானாவின் ஒரே ஒரு அரைக் கேள்வி

புத்தளம் மாவட்டத்தில் கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. மற்ற எல்லாரும், இதை எழுதுகிற நான் உட்பட, கேள்வி என்ற பெயரில் எதையோ சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். அந்த ஒருவர் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவை கேள்வியைப் பிழையாகக் கேட்டார். அந்த ஒரு தடவையில் நாங்கள் முந்நூறு பேர் சேர்ந்து அவரைக் கொன்றுவிடப் பார்த்தோம். கத்தி, தடி எதுவும் எடுக்கவில்லை. அவர் எங்களுக்குப் பழக்கிய நல்ல பழக்கத்தைக் கொண்டே அதைச் செய்யப் போனோம்.

அவருடைய சொந்தப் பெயர் பல வருடங்களாக எனக்குத் தெரியாது. முழுசா நானா, அதாவது முழுசா அண்ணன், என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கல்பிட்டியில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். மீன்படகுகளுக்கு ஐஸ் போடுகிற இடம். குடும்பம் புத்தளம் டவுனில் இருக்கிறது. கிழமை நாட்களில் தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்குவார். இயந்திரம் சூடேறினால் தன் போனுக்குத் தகவல் வருகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுத ஆசைப்பட்டு, நாற்பது வயதுக்குப் பிறகு, யாரிடமும் போய்ப் படிக்காமல், இணையத்தில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டவர்.

அப்படித் தேடியபோது பட்ட பாட்டில் அவர் ஆரம்பித்ததுதான் ‘கரையோரக் கோடிங்’ என்ற எங்கள் குழு. சிலாபம் முதல் கல்பிட்டி வரை தமிழில் கொம்பியூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள், எழுதப் பார்க்கிறவர்கள், எழுதி மாட்டிக்கொண்டவர்கள், கட்டாருக்குப் போய் ஊர் ஞாபகத்துக்காகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். போனிலேயே நடக்கிற குழு. யாருடைய புரோகிராமாவது குழப்படி செய்தால் அங்கே கேட்கலாம், கேட்டால் முழுசா நானா பதில் சொல்லுவார். ஆனால் ஒழுங்காகக் கேட்க வேண்டும். அதில்தான் எங்களுக்கும் அவருக்கும் பிரச்சினை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு தேவையாகப் போனால் அந்தத் தேவையை வாயால் சொல்லக் கூடாது. சலாம் சொல்லி உள்ளே போக வேண்டும். கதிரையில் அமர்ந்து பிள்ளைகளின் படிப்பை விசாரிக்க வேண்டும், வீட்டுக்காரரின் உம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று கேட்க வேண்டும், பால் போடாத பிளேன்டீ குடிக்க வேண்டும். பிறகு “அப்ப நான் வாரன்” என்று எழும்பி, வாசலுக்கு வந்து, ஒரு காலைச் செருப்புக்குள் விட்டுக்கொண்டே, “அது சரி, ஒரு சின்ன விசயம்” என்று தொடங்க வேண்டும். அந்தச் சின்ன விசயத்துக்காகத்தான் ஆள் பஸ் ஏறி வந்திருப்பார். வந்ததும் வராததுமாக விசயத்தைச் சொல்கிறவனை எங்கள் ஊரில் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள்.

குழுவிலும் நாங்கள் அதே மரியாதையோடு நடந்துகொண்டோம். ஒருவர் வந்து “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று எழுதுவார். எழுதிவிட்டு இருப்பார். பத்து நிமிடம் கழித்து “யாராவது இரிக்கீங்களா?” என்பார். மறுபடி இருப்பார். மனிதர் மனதுக்குள் பிளேன்டீக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சலாமுக்குப் பதில் சொல்வது கடமை. நானா அதில் ஒருநாளும் தவறியதில்லை. “வஅலைக்குமுஸ்ஸலாம். முழுசாச் சொல்லுங்க.” அவ்வளவுதான் பதில். இரண்டு வசனத்துக்கும் முடிவில் முற்றுப்புள்ளி இருக்கும். எவ்வளவு அவசரத்திலும் புள்ளி வைக்காமல் அவர் எழுதி நான் கண்டதில்லை. அதற்கு மேலே ஒரு சொல் எழுதமாட்டார். இப்படிச் சுற்றி வளைத்து வருகிற கேள்விக்கு ‘செருப்புக் கேள்வி’ என்று அவர் பெயர் வைத்திருந்தார். குழுவின் உச்சியில் ஓர் அறிவித்தலையும் ஒட்டி வைத்திருந்தார்.

“சலாம் சொல்லுங்க, நல்லது. சலாத்தோடயே கேள்வியையும் போடுங்க. என்ன செய்யப் பாத்தீங்க, என்ன நடக்கும் எண்டு நினைச்சீங்க, உண்மையா என்ன நடந்திச்சு, மூண்டையும் எழுதுங்க. எரர் வந்தா அதை அப்பிடியே எடுத்துப் போடுங்க, சொந்த வார்த்தையில கதை சொல்ல வேணாம். பிரச்சின தீந்தா, எப்பிடித் தீந்திச்சு எண்டு திரும்பி வந்து சொல்லுங்க.”

இதை யாரும் வாசிக்கவில்லை. பள்ளிவாசல்துறையிலிருந்து ஒருவர் கொம்பியூட்டர் திரையை போனால் படம் பிடித்துப் போட்டார். திரை முழுக்க வாசல் வெளிச்சம் பட்டு, எழுத்து ஒன்றும் தெரியவில்லை, அவருடைய பின்முற்றம்தான் தெரிந்தது. “சேர், இதுல என்ன பிழை?” என்று கேட்டிருந்தார். நானா அரை மணித்தியாலம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. “கொடியில காயிற சாரன் ரெண்டும் தெளிவா இரிக்கு. எரர் மட்டும் தெரியல்ல.” என்று பதில் வந்தது.

இன்னொருவர் அவசரத்தில் ஒரே கேள்வியை மூன்று குழுக்களில் போட்டார். பாவம், மூன்றிலும் நானா இருப்பது அவருக்குத் தெரியாது. முதல் குழுவில் “இதுக்கு ரெண்டாவது குழுவுல பதில் சொல்லியிரிக்கு.” என்று எழுதினார் நானா. அங்கே போனால் “மூண்டாவதுல பாருங்க.” என்றிருந்தது. மூன்றாவதில் “முதல் குழுவுல கேட்டீங்களே, அங்கதான்.” ஒரு பகல் முழுக்க அந்த மனிதர் செக்கு மாடாகச் சுற்றினார். பின்னேரம் நானாவே மனமிரங்கிப் பதிலைப் போட்டார். பதில் ஒரே ஒரு வரிதான்.

கல்பிட்டியில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிற ரிஸ்வான் கேட்ட கேள்வியை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம். கொம்பியூட்டரின் மணிக்கூட்டைக் காலையில் மட்டும் பத்து நிமிடம் பின்னால் தள்ள ஒரு கோட் வேண்டும் என்று கேட்டார். நானாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

“இது எதுக்கு?”

“ஒரு தேவைக்கு நானா.”

“என்ன தேவைக்கு?”

“கடையில ஆக்கள் வேலைக்கு வார நேரத்தப் பதியிற வரவுப் புரோகிராம் ஒண்டு இரிக்கு. அதுக்குத்தான்.”

“அந்தப் புரோகிராம் பிழையா நேரம் காட்டுதா?”

“இல்ல நானா. சரியாத்தான் காட்டுது.”

“அப்ப?”

கடைசியில் உண்மை வந்தது. அந்த வரவுப் புரோகிராமை எழுதிக் கொடுத்ததே ரிஸ்வான்தான். முதலாளி சந்தோசப்பட்டு அதை அடுத்த நாளே போட்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும் பிந்தி வந்தவர் என்று அது பிடித்துக் கொடுப்பதும் ரிஸ்வானைத்தான். “இது கோடிங் கேள்வி இல்ல தம்பி. சைக்கிள் கேள்வி. வீட்ட இருந்து பத்து நிமிசம் முந்தி வெளிக்கிடுங்க.” என்று நானா வழக்கை முடித்தார். ரிஸ்வானுக்குப் பத்து நிமிசம் என்றே பெயராகிவிட்டது.

நான் தப்பினேன் என்று நினைக்காதீர்கள். நான் கனமூலை என்ற ஊரில் இருந்துகொண்டு ஒரு டியூட்டரிக்கு நேரசூசி போடுகிற புரோகிராம் எழுதிக் கொடுத்தவன். அது ஒரே வாத்தியாரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புக்கு அனுப்பிவிட்டது. அறிவித்தலுக்குப் பயந்து, கேள்வியைப் போடுமுன் முழுசாக எழுதிப் பார்த்தேன். என்ன செய்யப் பார்த்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. மூன்றாவது வரியை எழுதும்போதே பிழை எங்கே என்று பிடிபட்டுவிட்டது. மகிழ்ச்சியில் குழுவில் “ஒரு கேள்வி கேக்க வந்தன், நானே கண்டுபிடிச்சிட்டன். நன்றி” என்று போட்டேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன்.

உடனே போன் அடித்தது. நானாதான்.

“என்னத்தக் கண்டுபிடிச்ச?”

“அது நானா, ஒரு சின்னப் பிழை...”

“சின்னதோ பெரிசோ, எழுது. நீ குழியில விழுந்து எழும்பிட்டாய். குழி அங்கயேதானே இரிக்கு? நாளக்கி இன்னொருத்தன் விழுவான். அவன் தேடி வரேக்க உன்ட ‘நன்றி’ மட்டும்தான் அங்க இரிக்கும். அதை வச்சி அவன் என்ன செய்யிற?”

அன்றைக்கு நான் அழுகிற நிலையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு தம்புள்ளைப் பக்கம் இருந்து முன்பின் தெரியாத ஒருவர் அதை வாசித்துத் தன் புரோகிராமைச் சரிப்படுத்திவிட்டு எனக்கு நன்றி சொன்னார். நானா சொல்வதில் விசயம் இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதோடு நில்லாமல் அவருக்கு எடுபிடியாகவும் மாறினேன். யாராவது சலாமோடு நின்றால் நானாவுக்கு முந்திக்கொண்டு நானே “முழுசா!” என்று போடுவேன். என்னைப் போல ஒரு இருபது பேர் கிளம்பினார்கள். நானா ஒரு தடவை அதட்டினால் நாங்கள் இருபது தடவை அதட்டினோம்.

ரெஜினா வந்து சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். நுரைச்சோலையில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். கருவாடு காயப் போடுகிற பெண்களுக்கு மழை வருமா வராதா என்று காலையில் போனில் சொல்கிற ஒரு சின்ன புரோகிராமைச் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய முதல் செய்தி இப்படி இருந்தது: “வணக்கம் எல்லாருக்கும். ஏதோ பிழை வருது. எப்பிடிக் கேக்கிற எண்டு எனக்குத் தெரியல்ல. யாராவது இருக்கிறீங்களா?”

“எப்பிடிக் கேக்கிற எண்டு மேல ஒட்டி வச்சிரிக்கு தங்கச்சி. வாசிச்சிட்டு வாங்க.” என்றார் நானா. அதற்குக் கீழே எங்கள் இருபது பேரின் “முழுசா!” வரிசையாக விழுந்தது. அவள் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. குழுவை விட்டுப் போகவும் இல்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. நானாவுக்குத் தனியாகப் போன் அடித்தேன்.

“பாவம் நானா. புது ஆள். கொஞ்சம் மெதுவாச் சொல்லியிரிக்கலாம்.”

“மெதுவாச் சொன்னா மெதுவாத்தான் கேப்பாங்க. மெதுவாக் கேட்டு என்ன நடந்திச்சு எண்டு எனக்குத்தான் தெரியும்.” பிறகு தன் தம்பியின் கதையைச் சொன்னார்.

தம்பி அப்போது கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் கரை மறைந்த தூரத்தில் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் கடைசி மூச்சில் இருந்தது. ஒரே ஒரு அழைப்பு எடுக்கலாம். நானாவுக்கு எடுத்தார்.

“சலாம் சொன்னான். சாப்பிட்டீங்களா நானா எண்டு கேட்டான். ஓம் எண்டன். உம்மாக்கு முழங்கால் வலி எப்பிடி எண்டான். நானும் மடையன் மாதிரி என்ன எண்ண பூசினம், யார் தந்த எண்ண எண்டு எல்லாம் சொல்லிட்டு நிக்கிறன். பிறகுதான், ‘அது சரி நானா, எஞ்சின் நிண்டிட்டு, நாங்க இப்ப...’ எண்டான். அதோட லைன் போயிட்டு.”

நாலு நாள் தேடினார்கள். வடக்கே மன்னார்ப் பக்கமாக இழுபட்டுப் போயிருந்த படகை ஐந்தாம் நாள் கண்டுபிடித்தபோது தம்பிக்கு உயிர் இருந்தது, அவ்வளவுதான். தேறியெழும்பக் கனகாலம் எடுத்தது. அவர் கடலை அப்படியே விட்டுவிட்டு இப்போது நுரைச்சோலையில் வெங்காயம் போடுகிறார். “எந்த இடம் எண்டு முதல்ல சொல்லியிருந்தா அண்டைக்குப் பின்னேரமே போய்த் தூக்கியிரிப்பம்,” என்றார் நானா. “இண்டைக்கும் போன் எடுத்தா அவன் முதல்ல கேக்கிறது சாப்பிட்டீங்களா எண்டுதான். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.”

அதற்குப் பிறகு, அந்த ஒரு தடவையைத் தவிர, அவருடைய முற்றுப்புள்ளிகளைக் கண்டு நான் சிரித்ததில்லை.

மூன்று வாரம் கழித்து ரெஜினா திரும்பி வந்தாள். வணக்கத்தோடு சேர்த்துக் கேள்வியையும் போட்டிருந்தாள். என்ன செய்யப் பார்த்தாள், என்ன எதிர்பார்த்தாள், என்ன நடந்தது, எரர் அப்படியே எழுத்துக்கு எழுத்து, பிழை வருகிற இடத்தை மட்டும் வெட்டியெடுத்த எட்டு வரி கோட். நானா ஒரே வசனம் எழுதினார்: “இது கேள்வி.” அதைவிடப் பெரிய பட்டத்தை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பிறகுதான் பதிலைச் சொன்னார்.

இனி அந்த ஒரு தடவைக்கு வருகிறேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். படகுகள் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் எடுக்க ஆள் இல்லாததால் தொழிற்சாலையைப் பூட்டி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானா மட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் போட வேண்டும் என்று பின்னறையில் தங்கிவிட்டார். பகல் இரண்டு மணியிருக்கும். நான் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். குழுவில் ஒரு செய்தி வந்தது. நானாதான்.

“அஸ்ஸலாமு அலைக்கும்”

வெறும் சலாம். கீழே கேள்வியில்லை. நான் எழும்பி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது.

“யாராவது இரிக்கீங்களா”

குழுவுக்குப் பெருநாள் வந்துவிட்டது. எத்தனை வருடத்துக் கணக்கு! “கேள்வி எங்க நானா?” என்றார் ஒருவர். “மேல ஒட்டி வச்சிரிக்கு, வாசிச்சிட்டு வாங்க,” என்றார் அடுத்தவர். “செருப்பப் போட்டிட்டுச் சொல்லுங்க,” என்றார் பள்ளிவாசல்துறைக்காரர். கட்டாரிலிருந்தெல்லாம் சிரிப்பு வந்தது. நானா எங்களைச் சோதித்துப் பார்க்கிறார் என்றே எல்லாரும் நினைத்தோம். நான் என் பங்குக்கு எழுதினேன்: “வஅலைக்குமுஸ்ஸலாம். முழுசாச் சொல்லுங்க.” இரண்டு இடத்திலும் மறக்காமல் புள்ளி வைத்தேன். அதற்கு விழுந்த சிரிப்பு முகங்களை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் நுரைச்சோலையில் ரெஜினா நானாவின் நம்பருக்குப் போன் எடுத்துவிட்டாள்.

மறுபக்கம் போன் தூக்கப்பட்டது. பேச்சு வரவில்லை. மூச்சும், தொண்டைக்குள் ஏதோ உருளுகிற சத்தமும் மட்டும் கேட்டதாம். அவள் “முழுசாச் சொல்லுங்க” என்று சொல்லவில்லை. முழுசாகச் சொல்லக்கூடிய நிலையில் அவர் இல்லை என்று தெரிந்ததும், பதிலைச் சுருக்குவதற்காகக் கேள்வியை அவள் துண்டு துண்டாக்கினாள்.

“நானா, நான் ரெஜினா. கதைக்க வேணாம். ஓம் எண்டா போன்ல ஒருக்காத் தட்டுங்க. இல்லாட்டி ரெண்டு தரம் தட்டுங்க. ஐஸ் பெக்டரியிலயா இருக்கிறீங்க?”

ஒரு தட்டு.

“பக்கத்தில ஆராவது இருக்கினமா?”

இரண்டு தட்டு.

“விழுந்திட்டீங்களா?”

ஒரு தட்டு.

“ஒரு பக்கம் கை கால் ஏலாம இருக்குதா?”

ஒரு தட்டு. கொஞ்சம் பிந்தி வந்தது.

“கதவு உள்ளால பூட்டியா?”

ஒரு தட்டு.

“சரி நானா. ஆள் வருது. போனை வைக்க வேணாம், அப்பிடியே கிடக்கட்டும்.”

வீட்டுக்காரரின் போனால் அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டு, அவள் குழுவில் எழுதினாள். அந்தச் செய்தியை நான் இன்றுவரை அழிக்காமல் வைத்திருக்கிறேன். “நானா ஐஸ் பெக்டரி பின்னறையில விழுந்து கிடக்கிறார். தனிய. கதைக்க ஏலாது, ஒரு பக்கம் இழுத்திட்டுது. கதவு உள்ளால பூட்டு. அம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். கல்பிட்டியில இருக்கிற ஆராவது கதவை உடைக்க அலவாங்கோட உடன போங்க. தூக்கி நிமித்த வேணாம், தண்ணி பருக்க வேணாம். போறவர் போறன் எண்டு எழுதுங்க. போய்ச் சேர்ந்ததும் என்ன நிலைம எண்டு எழுதுங்க.”

சிரிப்பு நின்றது. கல்பிட்டியில் இருந்தவர்களில் முதலில் எழுதியது ரிஸ்வான். “போறன்.”

கனமூலையில் உட்கார்ந்துகொண்டு என்னால் என்ன செய்ய முடியும்? நான் எழுதியதை அழிக்கப் பார்த்தேன். அழித்தால் அழித்ததாக ஓர் அடையாளம் அங்கேயே நிற்கும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். அந்த மனிதர் கீழே கிடந்துகொண்டு திரையைப் பார்த்திருப்பார். உதவி கேட்டதற்கு முந்நூறு பேர் என்ன சொன்னோம் என்பதை வாசித்திருப்பார். என்னுடைய இரண்டு புள்ளிகளையும் கண்டிருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன என்று கேட்ட மனைவியிடம் போனை நீட்டினேன்.

இரும்புக் கடையிலிருந்து ஐஸ் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் பத்து நிமிடத்துக்குக் கூடத்தான் எடுக்கும். ரிஸ்வான் விற்பனைக்கு வைத்திருந்த அலவாங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு முதலாளியின் மோட்டார் சைக்கிளில், கேட்காமலே, பறந்திருக்கிறார். நாலு நிமிடத்தில் குழுவில் எழுதினார்: “வந்திட்டன். கதவு உடைச்சன். உசிரோட இரிக்காரு. கண் தொறந்திரிக்கு.” பிறகு இன்னொன்று: “என்ட கையப் புடிச்சிட்டு இரிக்காரு.” அம்புலன்ஸ் வந்ததையும், ஏற்றியதையும், புத்தளம் ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனதையும் ஒவ்வொன்றாக எழுதினார். நானா மட்டும் அதை வாசித்திருந்தால் பட்டம் கொடுத்திருப்பார்.

பாரிசவாதம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் சொன்னாராம்.

அன்றைக்கே நான் ரெஜினாவிடம் கேட்டேன், நாங்கள் எல்லாரும் பகிடி என்று நினைத்தபோது உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று.

“நானா புள்ளி வைக்காம எழுதமாட்டார் அண்ணா. அது ஒண்டு. மற்றது, நானும் ஒரு நாள் அப்பிடித்தானே வந்து நிண்டனான்? என்ன பிழை எண்டே விளங்காத ஆள்தான் அப்பிடி எழுதுவார். அண்டைக்கு ஒருத்தராவது ‘என்ன பிள்ள’ எண்டு கேட்டிருந்தா நான் மூண்டு கிழமை அழுதிருக்க மாட்டன்.”

அவள் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. இயல்பாகத்தான் சொன்னாள்.

ஒன்றரை மாதம் கழித்து நானாவைப் பார்க்கப் புத்தளத்துக்குப் போனேன். கதிரையில் அமர்த்தியிருந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. சொல் ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து வருவது போல் பிந்திப் பிந்தி வந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பஸ்ஸில் போகும்போதே வசனங்களை அடுக்கி வைத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைக் கண்டதும் வாய் தானாகத் திரும்பிக்கொண்டது. கச்சான் காற்றைப் பற்றிக் கதைத்தேன். நேரசூசிப் புரோகிராமைப் பற்றிக் கதைத்தேன். பிளேன்டீ வந்தது, குடித்தேன். நுரைச்சோலைத் தம்பியும் வந்திருந்தார். கையில் வெங்காயப் பை. என்னைக் கண்டதும், “சாப்பிட்டீங்களா?” என்றார். நான் நானாவைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. இடது கையால் தம்பியை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்து, மெல்ல மெல்லச் சொன்னார்.

“அண்டைக்கி... எழுதத்தான்... பாத்தன். முழுசா. என்ன... நடந்திச்சு எண்டு... எனக்கே... தெரியாது. தெரியாதத... எப்பிடி... முழுசா எழுதிற?”

தலையை ஆட்டினேன். குழுவின் உச்சியில் ஒட்டியிருந்த அறிவித்தலில் அவர் இடது கையால் ஒரு வரியைச் சேர்த்திருந்ததை நாலு நாளைக்கு முன்தான் பார்த்திருந்தேன். அந்த வரியை ரெஜினாவிடம் காட்டிச் சரிபார்த்துத்தான் போட்டாராம். “எழுத ஏலாட்டி, சலாம் மட்டும் சொல்லுங்க. நாங்க கேக்கிறம்.”

“அப்ப நான் வாரன் நானா,” என்று எழும்பினேன். வாசலுக்கு வந்தேன். ஒரு காலைச் செருப்புக்குள் விட்டுக்கொண்டே தொடங்கினேன்.

“அது சரி நானா... அண்டைக்கி நான் குழுவுல எழுதினது...”

அதற்கு மேல் வரவில்லை. செருப்புப் போட்ட ஒரு காலும் போடாத ஒரு காலுமாக நின்றேன். உள்ளேயிருந்து அவர் என்னையே பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“மு... ழு... சா,” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். முழுசாகச் சொன்னேன். “பயந்திட்டன் நானா. நீங்க இல்லாமப் போனா நான் ஆருட்டப் போய்க் கேக்கிற?”

அவர் கொஞ்சம் அசைந்து, பக்கத்தில் கிடந்த கதிரையை இடது கையால் என் பக்கமாக இழுத்து விட்டார்.